பல்லுக்கொதி

நேர்முகம் பதினொன்றரைக்கு.
பல்லுக்கொதி என்று அரைநாள் லீவு எழுதிவிட்டு
கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
வாவிக்கரை மரநிழலில் ஸ்கூட்டியை நிறுத்தி
சீட்டின்மேல் மடிக்கணினியைத் திறந்தேன்.
வீட்டில் கரண்ட் இல்லை.
கந்தோரில் கதவு இல்லை.

கச்சான் காற்று.
துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி
மீதி முனையால் மைக்கைப் பொத்திக்கொண்டேன்.

கொழும்பிலிருந்து இரண்டு முகம்.
"மட்டக்களப்பா? அங்க மீன் பாடுமாமே?"
"நான் கேட்டதில்லை. எந்நேரமும் காதில் ஹெட்செட்."
சிரித்தார்கள்.
நான் பகிடி விடவில்லை.

முப்பது இலட்சம் வரிசை உள்ள அட்டவணை
திடீரென்று மெதுவானால் என்ன செய்வீர்கள் என்றார்கள்.
சொன்னேன்.
இரவு இரண்டு மணிக்குத் தனியே படித்த பாடம்,
தடுமாறாமல் வந்தது.

மறுகா அந்தக் கேள்வி:
"இப்போதைய வேலையை ஏன் விலகுகிறீர்கள்?"

திரை உறைந்தது.
அவருக்கு ஒரு கண் பாதி மூடியபடி,
அந்த அம்மாவுக்கு வாய் பாதி திறந்தபடி.
மீள இணைகிறது, மீள இணைகிறது என்று
வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த உறைந்த முகங்களுக்குச் சொன்னேன்:

டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. ஒன்பது பேர், ஒரு ஏசி.
ரிமோட் முதலாளியின் லாச்சிக்குள்.
"நாம ஒரு குடும்பம்" என்பார்,
சம்பளம் பிந்துகிற மாதங்களில் மட்டும்.
மெல்பேர்னில் ஒன்பது மணியென்றால்
எங்களுக்கு விடியப்புறம் நாலரை.
அவர்கள் குட் மோர்னிங் சொல்வார்கள்,
நாங்கள் இருட்டுக்குள் இருந்து திருப்பிச் சொல்வோம்.

றிஸ்கானின் வாப்பா மௌத்தாகி மூன்றாம் நாள்
அவன் பெயரில் ஒரு டிக்கெட் விழுந்தது.
அஸருக்கு முன் மூடிக் கொடுத்தான்.

துவாரகி எழுதும் கோட்
மீட்டிங்கில் முதலாளியின் வாயில்
"நான்" ஆகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஓர் அட்டவணையை அழித்துவிட்டேன்.
நானேதான் போய்ச் சொன்னேன். திருத்தியும் கொடுத்தேன்.
அந்தப் பிழையைப் படமெடுத்து
வட்ஸ்அப் குழுவின் உச்சியில் குத்தி வைத்திருக்கிறார்.
எட்டு மாதம்.
பிறந்தநாள் கேக், நோன்புக் கஞ்சி, ஆருடைய கலியாணம்,
எல்லாம் அதற்குக் கீழேதான் வரும்.

கத்தியிருப்பேன் போல.
பாலத்தடியில் குந்தியிருந்தவர் தலை கிறுக்கி,
"ஆரோட புள்ள சண்ட?" என்றார்.
"லைன் அறுந்து போச்சு."
"எனக்கும்தான்" என்று
முள்ளில்லாத தூண்டிலைத் தூக்கிக் காட்டினார்.

திரும்ப வந்தார்கள்.
"மன்னிக்கவும், கடைசியாச் சொன்னது விளங்கேல்ல."

"புதிய சவால்களைத் தேடி..."
கண்ணாடி முன் பத்துத் தரம் பழகிய வசனம்
பல்லுவரை வந்து நின்றது.
"இரவில் நித்திரை கொள்ள வேணும்" என்றேன்.

இருவரும் ஒன்றும் சொல்லாமல்
எதையோ எழுதினார்கள்.

"எங்களிடம் ஏதாவது கேட்க இருக்கா?"
"நேற்று நடுச்சாமத்துக்குப் பிறகு
உங்களில் ஆரை எழுப்பினார்கள்?"
அந்த அம்மா சிரித்துவிட்டுக் கீழே குனிந்தார்.
"நல்ல கேள்வி" என்றார் மற்றவர்.
அவ்வளவுதான் என்றார்.
அறிவிப்பார்களாம்.

ஒன்றரைக்குக் கந்தோர்.
"பல்லு எப்படி?" என்றார் முதலாளி, திரையிலிருந்து கண் எடுக்காமல்.
"ஆடுது சேர். பிடுங்கத்தான் வேணும்."

மூன்று வரிக் கடிதம் கணினியில் கிடக்கிறது.
"பல்" என்று பெயரிட்டிருக்கிறேன்,
ஆரும் திறக்காமலிருக்க.
திகதி மட்டும் போடவில்லை.
அடுத்த வியாழன் இன்னொரு நேர்முகம்;
அதற்குக் கண்நோவு என்று எழுத வேண்டும்.

கதிரையை உருட்டிக்கொண்டு வந்தாள் துவாரகி.
என் முடியில் ஒட்டியிருந்த சருகை எடுத்து
மேசையில் வைத்தாள்.
குரலைத் தாழ்த்தி,
"எந்தப் பல்லு டொக்டர்கா?
எனக்கும் நம்பரைத் தா" என்றாள்.